ரொறன்ரோவில் எல்.எம்.ஐ.ஏ. விற்கிறார்கள்: காசு கொடுக்கும் முன் வேலைத்தளத்தின் போஸ்டல் கோட்டைக் கேளுங்கள்

எல்.எம்.ஐ.ஏ. என்பது வெளிநாட்டவர் ஒருவரை வேலைக்கு எடுக்க முதலாளி அரசின் சேர்விஸ் கனடாவிடம் வாங்கவேண்டிய அனுமதி. ஸ்காபரோ, மார்க்கம், அஜாக்ஸ் பக்கங்களில் இன்னமும் அதற்குப் பேரம் நடக்கிறது. உணவகத்தில் சமையலாள், பலசரக்குக் கடையில் மேற்பார்வையாளர், கிடங்கில் தொழிலாளி என்று ஒரு வேலையைச் சொல்லி முகவர்கள் பத்தாயிரக்கணக்கான டாலர் கேட்கிறார்கள். பாதிப் பணம் கையில் வந்ததும் "ஃபைல் போட்டாச்சு, சேர்விஸ் கனடாவில்தான் தாமதம்" என்று மாதக்கணக்கில் இழுக்கிறார்கள். அதற்குள் உங்கள் விசா முடிந்துவிடும். இந்த வேலைகளில் பெரும்பாலானவற்றின் ஃபைலை சேர்விஸ் கனடா பரிசீலனைக்கே எடுப்பதில்லை என்பதைத்தான் அவர்கள் உங்களிடம் சொல்வதில்லை.

2024 செப்டம்பர் 26 முதல் உள்ள விதி இது. வேலையின்மை விகிதம் 6 சதவீதமோ அதற்கு மேலோ இருக்கும் பெருநகர வட்டாரத்தில், குறைந்த சம்பளப் பிரிவு எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பங்களை அரசு பரிசீலிப்பதில்லை. பெருநகர வட்டாரம் என்பது குறைந்தது ஒரு இலட்சம் மக்கள் உள்ள, கனடாவின் புள்ளிவிபரத் திணைக்களம் எல்லை வகுத்த பகுதி. அந்த எல்லை மாநகரசபை எல்லை அல்ல. மிசிசாகா, பிராம்ப்டன், மார்க்கம், பிக்கரிங், அஜாக்ஸ் எல்லாம் ரொறன்ரோ வட்டாரத்துக்குள் வருகின்றன. விட்பி ஒஷாவா வட்டாரத்திலும் பர்லிங்டன் ஹமில்டன் வட்டாரத்திலும் சேரும். தடை உள்ள வட்டாரங்களின் விகிதப் பட்டியல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். ரொறன்ரோ 2025 முழுவதும் பட்டியலில் இருந்தது. "அடுத்த மாதம் திறந்துவிடும்" என்று யாராவது சொன்னால், அடுத்த பட்டியல் எப்போது வருகிறது என்று தேதி கேளுங்கள்.

சரிபார்க்கப் பத்து நிமிடம் போதும். நீங்கள் நின்று வேலை செய்யப்போகும் இடத்தின் முழுப் போஸ்டல் கோட்டை வாங்குங்கள். முதலாளியின் அலுவலக முகவரி இதற்கு உதவாது. அந்தப் போஸ்டல் கோட்டை புள்ளிவிபரத் திணைக்களத்தின் சென்சஸ் தளத்தில் இட்டால் எந்த வட்டாரம் என்று தெரியும். பிறகு கனடா அரசின் தளத்தில் நடப்புப் பட்டியலைத் திறந்து அந்த வட்டாரத்தின் விகிதத்தைப் பாருங்கள். போஸ்டல் கோட் தர மறுப்பவரோடு பேச்சை அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

இவ்வளவும் தெரிந்து கேட்டால், "அதுக்கு வழி இருக்கு" என்பார்கள். அந்த வழிகள்தான் ஆபத்தானவை.

முதலாவது, "உணவுத் துறைக்கு விலக்கு" என்ற பேச்சு. விலக்கு இருப்பது உணவு உற்பத்தி ஆலைகளுக்கு. உணவகமும் டேக்அவுட் கடையும் அதில் சேராது. விவசாயம், கட்டுமானம், மருத்துவமனை, முதியோர் பராமரிப்பு இல்லம் ஆகியவற்றுக்கும், வீட்டுப் பராமரிப்பாளர் வேலைக்கும், 120 நாளுக்கு மேற்படாத வேலைக்கும் விலக்கு உண்டு. அதனால் சமையலறை ஆளைக் கட்டுமானத் தொழிலாளியாகக் காகிதத்தில் காட்டுகிறார்கள். வேக் பேர்மிட்டில் (வேலை அனுமதிப் பத்திரத்தில்) ஒரு வேலையும் கையில் வேறு வேலையுமாக இருந்தால், பரிசோதனை வரும் நாளில் மாட்டுவது நீங்களும்தான்.

இரண்டாவது, வெளியூர் முகவரி. கோர்ன்வோல் போன்ற சிறு நகரங்கள் பெருநகர வட்டாரம் அல்ல, அங்கே இந்த 6 சதவீதத் தடை கிடையாது. அங்கே கிளை இருப்பதாகக் காட்டி அனுமதி எடுத்து, ஆளை ஸ்காபரோவில் நிறுத்துகிறார்கள். அனுமதி கொடுக்கப்பட்டது அந்த முகவரியில் உள்ள வேலைக்கு. அங்கே நீங்கள் ஒருநாளும் வேலை செய்யவில்லை என்பதைச் சம்பளச் சீட்டும் பஸ் கார்டும் வீட்டு வாடகை ஒப்பந்தமுமே காட்டிக்கொடுத்துவிடும்.

மூன்றாவது, சம்பளத்தைக் கூட்டி எழுதுவது. இதில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள். ஒன்ராறியோவில் மணிக்கு 34.07 டாலருக்குக் கீழே என்றால் குறைந்த சம்பளப் பிரிவு என்று 2024 நவம்பர் 8இல் வைத்தார்கள். 2025 ஜூன் 27 முதல் அது 36 டாலர். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் 6 சதவீத விதி பொருந்தாது. ஆகவே சமையலாளுக்கு மணிக்கு 36 டாலர் என்று எழுதி, வங்கியில் முழுச் சம்பளமும் போட்டு, உண்மையில் பேசிய சம்பளம் போக மிச்சத்தைக் கைக்காசாகத் திரும்ப வாங்குகிறார்கள். வருடச் சம்பளத்தைக் காட்டும் டி4 படிவத்தில் முழுத் தொகையும் உங்கள் வருமானமாக ஏறும். உங்கள் கையில் நிற்காத பணத்துக்கு வருமான வரி, ஓய்வூதியப் பங்களிப்பு, வேலைக் காப்புறுதி எல்லாம் நீங்கள் கட்டுவீர்கள். பின்னாளில் பி.ஆர். (நிரந்தர வதிவிட) விண்ணப்பத்தில் அந்தச் சம்பளத்தை எழுதும்போது அது பொய்த் தகவல். பொய்த் தகவலுக்கு ஐந்து வருடத் தடை.

விசிட் விசாவில் வந்தவர்களிடம் "இங்கேயே மாத்தலாம், இல்லாவிட்டால் போர்டருக்குப் போய்த் திரும்பலாம்" என்பார்கள். உள்ளே இருந்தபடி வேக் பேர்மிட் கேட்கும் சலுகை 2024 ஆகஸ்ட் 28இல் முடிந்தது. எல்லைக்குப் போய்த் திரும்பி பேர்மிட் எடுப்பது 2024 டிசம்பர் 23இல் நின்றது. பி.ஆருக்கான புள்ளி முறையான எக்ஸ்பிரஸ் என்ட்ரியில் வேலை வாய்ப்புக்குக் கிடைத்த 50 புள்ளிகளும் 2025 மார்ச் 25 முதல் இல்லை. அந்தப் புள்ளிகளுக்காகவே காசு கட்டியவர்கள் பலர். அவர்களுக்கு இனி அதில் ஒரு பயனும் இல்லை.

எல்.எம்.ஐ.ஏ.யின் அரசுக் கட்டணம் ஓர் இடத்துக்கு 1,000 டாலர். அதை முதலாளிதான் கட்டவேண்டும், உங்களிடமிருந்து அறவிடுவது சட்டவிரோதம். நீங்கள் அரசுக்குக் கட்டுவது வேக் பேர்மிட்டுக்கு 155, விரலடையாளத்துக்கு 85. குறைந்த சம்பளப் பிரிவில் உங்கள் போக்குவரத்துச் செலவும், மாகாண மருத்துவக் காப்பு தொடங்கும்வரை தனியார் காப்புறுதியும் முதலாளியின் பொறுப்பு.

விண்ணப்பத்துக்கு முன் முதலாளி பல வாரம் விளம்பரம் செய்திருக்கவேண்டும். கனடா அரசின் ஜொப் பேங்க் தளத்தில் அந்த வணிகத்தின் பெயரைத் தேடுங்கள். "விளம்பரம் போட்டாச்சு" என்றால் இணைப்பைக் கேளுங்கள். அனுமதிக் கடிதம் என்று ஏதாவது காட்டினால், அதிலுள்ள பெயர், முகவரி, சம்பளம், வேலைத் தலைப்பு நான்கையும் ஒப்பிடுங்கள். 2024 மே 1 முதல் அந்தக் கடிதம் ஆறு மாதமே செல்லும். முகவர் உரிமம் உள்ளவரா என்பதைக் குடிவரவு ஆலோசகர் கல்லூரி என்ற உரிம அமைப்பின் பொதுப் பதிவேட்டில் பாருங்கள். உரிமம் இருந்தாலும் வேலைக்காக உங்களிடம் காசு வாங்க முடியாது.

எல்.எம்.ஐ.ஏ. விண்ணப்பம் காத்திருப்பதால் உங்கள் அந்தஸ்து நீடிக்காது. பேர்மிட் முடியும் முன் நீங்களே விண்ணப்பித்திருந்தால்தான் நீடிக்கும். முடிந்துவிட்டால் மீட்க 90 நாள் உண்டு. முகவரின் வாக்கை நம்பி அந்த நாட்களைக் கடத்தாதீர்கள்.

ஏற்கெனவே கொடுத்துவிட்டீர்களா? ஈ-ட்ரான்ஸ்ஃபர் பதிவு, வங்கியில் பணம் எடுத்த தேதி, வாட்ஸ்அப் குரல் செய்தி எதையும் அழிக்காதீர்கள். வேலை செய்த மணித்தியாலங்களைத் தினமும் எழுதி வையுங்கள். எங்கும் புகார் கொடுக்கும் முன் ஒரு வழக்கறிஞரிடமோ, உங்கள் பகுதியின் சமூக சட்ட உதவி மையத்திலோ பேசுங்கள். நீங்கள் கையெழுத்திட்ட காகிதங்களில் என்ன எழுதியிருக்கிறது என்பதை அவர்கள் முதலில் பார்க்கட்டும். ஒன்ராறியோவின் 2009 சட்டப்படி, வெளிநாட்டுத் தொழிலாளியிடம் வாங்கிய ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் திரும்பப் பெறத் தொழில் அமைச்சில் மூன்றரை வருடத்துக்குள் முறையிடலாம். ஒரே முதலாளியோடு கட்டுண்ட பேர்மிட் இருந்து, அவர் உங்களைச் சுரண்டினால், கட்டணமில்லாத திறந்த வேக் பேர்மிட் கேட்கலாம். பணத்தால் சுரண்டுவதும் அதில் அடங்கும். பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க சேர்விஸ் கனடா எண் 1-866-602-9448.