ரூகர் 10/22 ரைபிளுக்கு எந்த மாற்று விசை? கொழும்பிலிருந்து ஒரு மதிப்பீடு

கொழும்பில் இருந்துகொண்டு, சுட்டதும் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத்தானியங்கி ரைபிளின் விசையை, அதாவது விரலால் இழுக்கும் ட்ரிகரை, பற்றி எழுதுவதற்கு முதலில் ஒரு விளக்கம் தேவை. இலங்கையில் சுடுகலன் வைத்திருப்பது 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன்கள் கட்டளைச் சட்டத்தின்படி அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டது. பொழுதுபோக்குக்காகக் குறிபார்த்துச் சுடும் ஒருவர் இத்தகைய ரைபிளைக் கடையில் வாங்கி, விரும்பியபடி உதிரிப்பாகம் மாற்றிக்கொள்ளும் நிலை இங்கே இல்லை. ஆயினும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்களில் இலண்டனிலோ ரொறன்ரோவிலோ ஹூஸ்டனிலோ உறவினர் இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அந்த உறவினர்களில் சிலர் சுடுகழகங்களில் சேர்ந்திருக்கிறார்கள். இலண்டனுக்கு வெளியே ஒரு கழகத்தில் உறுப்பினராக இருக்கும் என் மனைவியின் தம்பி, "அத்தான், எந்த ட்ரிகரை வாங்கட்டும்?" என்று கேட்டதிலிருந்து இந்த மதிப்பீடு தொடங்கியது. நான் இங்கே பல காலமாகப் பத்து மீற்றர் காற்று ரைபிள் சுடுபவன். அவருடைய கழகத்தின் விருந்தினர் நாட்களில், மேற்பார்வையாளர் பக்கத்தில் நிற்க, கீழே சொல்லப்படும் விசைகளைச் சுட்டுப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது.

ரூகர் நிறுவனத்தின் .22 அரைத்தானியங்கி ரைபிளான 10/22ஐ எடுத்துக்கொண்டதற்கு ஒரு நடைமுறைக் காரணம் உண்டு. பிரித்தானியாவில் 1988ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் .22 விளிம்புத் தோட்டா (அடிவிளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறு தோட்டா) சுடும் ரைபிள்களைத் தவிர ஏனைய அரைத்தானியங்கி ரைபிள்கள் அனைத்தையும் தடைசெய்துவிட்டது. கனடாவில் 2020 மே மாதத்து ஆணை இன்னொரு அரைத்தானியங்கி வகையான ஏஆர்-15 ரைபிள்களைத் தடைப் பட்டியலில் சேர்த்தது. 10/22 அந்தப் பட்டியலில் இல்லை. அமெரிக்காவிலோ 1964இல் அறிமுகமான நாளிலிருந்து அது வீட்டுக்கு வீடு இருக்கும் ரைபிள் என்றே சொல்லலாம். ஆக, மூன்று நாடுகளிலும் சிதறியிருக்கும் நம்மவர் ஒரே மேசையில் வைத்துப் பேசக்கூடிய அரைத்தானியங்கி ரைபிள் இதுதான். ஏஆர்-15க்கான விசைகளின் உலகம் தனி; அதை இங்கே தொடவில்லை.

இந்த ரைபிள் நல்ல ரைபிள். அதன் சுழல் மகசினில் பத்துத் தோட்டாக்கள் சிக்கலில்லாமல் ஏறி இறங்குகின்றன. குறையெல்லாம் தொழிற்சாலையிலிருந்து வரும் விசையில்தான். அதன் இழுவிசை, அதாவது அதை விடுவிக்க விரல் தர வேண்டிய பாரம், பொதுவாக ஆறு இறாத்தலை ஒட்டி, அதாவது ஏறத்தாழ 2.7 கிலோகிராம், இருக்கும். கடையில் வாங்கும் ஒரு இறாத்தல் பாண்களில் ஆறைப் பையில் போட்டு ஆட்காட்டி விரலின் நுனியில் தொங்கவிட்டால் எவ்வளவு பாரம் தெரியுமோ, அவ்வளவு அது. ரைபிளின் மொத்த எடையே அதைவிடக் குறைவாக இருக்கும்போது, விசையை இழுக்கும் விரல் ரைபிளையும் சேர்த்து இழுத்துவிடுகிறது. ஐம்பது மீற்றரில் கறுப்பு வட்டத்தின் நடுவில் நிற்க வேண்டிய குறி கடைசிக் கணத்தில் விலகுவதற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஆனால் பாரம் மட்டும் பிரச்சினையாக இருந்திருந்தால் பழகிக்கொள்ளலாம். மெதுவாக இழுத்துக்கொண்டே போகும்போது விசை எங்கே விடுபடும் என்று விரலுக்குத் தெரியாமல், சிறிது நகர்ந்து, நின்று, மறுபடி நகர்ந்து, மணலில் எதையோ இழுப்பதுபோல் வந்து, எதிர்பாராத இடத்தில் விடுபடுவதுதான் தாங்க முடியாதது. விசைத் தொகுதிக்குள் நடப்பது இதுதான். தோட்டாவை வெடிக்கவைக்கும் அடியைத் தரும் ஹாமர் நிமிர்த்தி வைக்கப்பட்டிருக்க, அதன் வெட்டில் சியர் என்ற சிறு உருக்குப் பாகத்தின் விளிம்பு கொக்கியாக மாட்டி நிற்கிறது. விசையை இழுப்பது அந்த விளிம்பை வெட்டிலிருந்து வழுக்கி வெளியே எடுப்பதுதான். இரு பாகங்களும் ஒன்றையொன்று கவ்வும் ஆழம், அவை சந்திக்கும் கோணம், பரப்பின் மழமழப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே விரலுக்கு வரும் உணர்வைத் தீர்மானிக்கின்றன. கோணம் தவறாக இருந்தால் சியர் வெளியே வருவதற்கு முன் ஹாமரை இன்னும் சற்றுப் பின்னே தள்ள வேண்டியிருக்கும். அந்த உழைப்பும் நம் விரலின் தலையில்தான் விழுகிறது.

இதனால்தான் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் இறாத்தல் கணக்கை மட்டும் பார்த்து விசை வாங்கக் கூடாது என்கிறேன். இழுவிசையைக் குறைக்க மிக மலிவான வழி, ஹாமரை முன்னே தள்ளும் சுருள்வில்லைத் தளர்வானதாக மாற்றுவது. எண் குறையும், ஆனால் .22 தோட்டாவில் வெடிமருந்தைத் தூண்டும் கலவை விளிம்பில் இருப்பதால், அந்த விளிம்பை நசுக்கப் போதிய அடி விழ வேண்டும். சுருள்வில் தளர்ந்தால் அடி தளரும், தோட்டா வெடிக்காமல் நின்றுவிடும். ஒழுங்கான மாற்று விசை ஹாமரையும் சியரையும் புதிய வடிவில் செய்து பாரத்தைக் குறைக்கிறது. அடியின் வலுவில் கைவைப்பதில்லை.

முதலில் பார்த்தது ரூகர் நிறுவனமே தயாரிக்கும் பீஎக்ஸ் விசை. இது தனியான ஒரு பாகமல்ல, ஹாமர், சியர், விசை, பாதுகாப்புப் பொத்தான், மகசின் விடுவிப்பான் எல்லாம் உள்ளடங்கிய முழுத் தொகுதி. இழுவிசை இரண்டரைக்கும் மூன்று இறாத்தலுக்கும் இடையில், அதாவது ஏறத்தாழ 1.1 முதல் 1.4 கிலோகிராம்வரை, என்று நிறுவனம் சொல்கிறது. விசைமானியைக் கொக்கியில் மாட்டிப் பல தடவை இழுத்துச் சராசரி பார்த்தபோது, கையிலிருந்த தொகுதி அந்த எல்லைக்குள்ளேயே நின்றது. அதைவிட என்னைக் கவர்ந்தது, இழுவைக்கு இழுவை வேறுபாடு மிகச் சிறிதாக இருந்ததுதான். முன்னே கொஞ்சம் வெற்றோட்டம், அதாவது எதையும் விடுவிக்காத நகர்வு, உண்டு. பிறகு விரலுக்கு ஒரு சுவர் தட்டுப்படும். அந்தச் சுவரில் அழுத்தத்தைக் கூட்டினால் சுத்தமாக விடுபடும். விடுபட்ட பிறகு விசை பின்னால் ஓடும் தூரம் சற்று அதிகம் என்பது என் குறை. அந்த ஓட்டத்தின்போது குண்டு இன்னும் குழலுக்குள்ளேயே இருக்கக்கூடும் என்பதால், விரல் அந்தக் கடைசியில் போய் மோதும் அதிர்வு குறியில் தெரியலாம். ஆனால் படுத்த நிலையில் தாங்கியில் வைத்துச் சுடுபவருக்கு இது பெரிதாகத் தோன்றாது.

பொலிமர் உறையைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் உண்டு. பழைய 10/22களில் அலுமினிய உறை இருந்தது, அதைத் தொட்டுப் பழகியவர்களுக்கு இது விளையாட்டுச் சாமான்போல் தோன்றுகிறது. வெள்ளவத்தைக் கடற்காற்றில் கத்தரிக்கோல்கூடத் துருப்பிடிப்பதைப் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த மனத்தாங்கல் இல்லை. உறை வேலை செய்வதில்லை, உள்ளே இருக்கும் உருக்குப் பாகங்கள்தான் வேலை செய்கின்றன. அத்துடன், இந்தத் தொகுதியோடு நீளமான மகசின் விடுவிப்பானும் வருகிறது. பழைய ரைபிள்களில் மகசினை எடுக்கச் சிறு பொத்தானை அழுத்தி, விரல் நகத்தால் கெஞ்ச வேண்டியிருந்ததை அறிந்தவர்கள் இதன் அருமையை உணர்வார்கள். விலை அமெரிக்காவில் நூறு டொலர் அளவில் இருக்கிறது. இந்த விலைக்கு இதை மிஞ்சும் வேறொன்றை நான் காணவில்லை.

வோல்குவார்ட்சன் நிறுவனத்தின் டீஜீ2000 வேறு தரத்தைச் சேர்ந்தது. இழுவிசை இரண்டேகால் இறாத்தல், ஏறத்தாழ ஒரு கிலோகிராம். அலுமினியத்தில் துல்லியமாகக் கடைந்த உறை. பீஎக்ஸில் நான் குறைசொன்ன பின்னோட்டம் இதில் இல்லையென்றே சொல்லலாம்: விடுபட்ட கணத்திலேயே விசை நின்றுவிடுகிறது. கண்ணாடிக் குச்சி உடைவது போன்ற உணர்வு என்று துப்பாக்கிக்காரர் சொல்வார்கள். அந்த வருணனையை நான் இதுவரை நம்பியதில்லை, இதைச் சுட்ட பிறகு மறுக்கவும் முடியவில்லை. விலை பீஎக்ஸைப்போல மூன்று மடங்குக்குக் கிட்ட. ரைபிளின் விலையையே எட்டிப் பிடிக்கும் விலை கொடுத்து விசை வாங்குவது, குழலும் நல்ல குழலாக, தோட்டாவும் தரமான தோட்டாவாக இருந்தால் மட்டுமே பொருள் தரும். சாதாரணக் குழலில் மொத்த விற்பனைத் தோட்டாவைப் போட்டுச் சுடுபவர் இதை வாங்குவது வீண் செலவு. டிம்னி நிறுவனத்தின் தொகுதி இரண்டே முக்கால் இறாத்தலில், கடைந்த அலுமினிய உறையுடன் வருகிறது. சுத்தமான விசைதான், ஆனால் பீஎக்ஸைவிட அதிக விலை கொடுத்து அதே பாரத்தை வாங்குவதற்கு உறையின் அழகைத் தவிர வலுவான காரணம் எனக்குக் கிடைக்கவில்லை.

கிட் நிறுவனத்தின் இருநிலை விசை என்னைப் போன்ற காற்று ரைபிள்காரர்களுக்கு உடனே பிடித்துவிடும். பத்து மீற்றர் போட்டியில், டோக்கியோ ஒலிம்பிக்கில் நம் நாட்டின் தெஹானி எகொடவெல கலந்துகொண்ட அதே போட்டியில், விசைக்குக் குறைந்தபட்ச எடை என்று எதுவும் விதிக்கப்படவில்லை. அதனால் நூறு கிராமுக்கும் குறைவான விசைகளில் எங்கள் விரல்கள் வளர்ந்திருக்கின்றன. முதல் நிலையில் பாரத்தின் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டு, இரண்டாம் நிலையின் வாசலில் விரலை நிறுத்தி, மூச்சு அடங்கியதும் மிச்சத்தை அழுத்தும் பழக்கத்துக்கு இருநிலை விசைதான் பொருத்தம். ஆனால் ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும்: காற்று ரைபிளின் இலகுவை அரைத்தானியங்கியில் தேடக் கூடாது. ஒவ்வொரு சூட்டுக்கும் நாமே குண்டிடும் ரைபிளும், சுட்ட மறுகணமே தானாக அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொண்டு தயாராக நிற்கும் ரைபிளும் ஒன்றல்ல.

அந்த வேறுபாட்டின் மையத்தில் இருப்பது டிஸ்கனெக்டர் என்ற பாகம். நாம் விசையை அழுத்திப் பிடித்திருக்கும்போதே, தோட்டா அறையை மூடித் திறக்கும் போல்ட் பின்னே வந்து ஹாமரை மறுபடி நிமிர்த்துகிறது. அந்தக் கணத்தில் சியரை விசையின் பிடியிலிருந்து துண்டித்து, ஹாமரை மாட்டிக்கொள்ள விடுவது இந்தப் பாகத்தின் வேலை. காணொளியைப் பார்த்து அரமும் அரத்தாளும் எடுத்து சியரை வீட்டிலேயே தேய்க்கத் தொடங்குபவர்கள் கைவைப்பது இந்தச் சமநிலையில்தான். ஒரு மயிரிழை அதிகம் தேய்ந்தால் சியர் ஹாமரைப் பிடிக்காமல் நழுவும். ஒரே இழுவைக்கு இரண்டு தோட்டாக்கள் பாயும். அது ஆபத்து என்பதோடு நிற்காது, மேற்சொன்ன நாடுகளில் சட்டச் சிக்கலிலும் கொண்டுபோய் விடும். தொழிற்சாலை கோணம் பார்த்து, கடினமாக்கிச் செய்த முழுத் தொகுதி நூறு டொலருக்குக் கிடைக்கும்போது, அரத்தை எடுப்பதில் எந்த நியாயமும் இல்லை.

பொருத்துவது எளிது. மகசினைக் கழற்றி, போல்ட்டைப் பின்னிழுத்து, அறை வெறுமையாக இருப்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதிசெய்த பிறகு, ரைபிளைத் தாங்கும் கட்டையைப் பிடித்திருக்கும் ஒற்றைத் திருகைக் கழற்ற வேண்டும். கார்பைன் வடிவமானால் முன்னாலுள்ள வளையத்தையும் தளர்த்த வேண்டும். பாதுகாப்புப் பொத்தானை இப்பக்கமும் அப்பக்கமும் இல்லாமல் நடுவில் நிறுத்தினால்தான் அது கட்டையில் இடிபடாமல் வெளியே வரும். இதை அறியாமல் கட்டையோடு மல்லுக்கட்டுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பிறகு இரண்டு குறுக்கு ஊசிகளைத் தள்ளினால் தொகுதி கையில் விழும். போல்ட்டின் பின்னே தடையாக நிற்கும் இன்னொரு ஊசி எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பதால் அதுவும் உருண்டோடிவிடும், ஆகவே விரித்த துணியின் மேல் வைத்து வேலை செய்வது நல்லது. புதிய தொகுதியை ஏற்றும்போது ஹாமர் நிமிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். தொகுதி வெளியே இருக்கும்போது விசையை இழுத்து ஹாமரை விழ விடக் கூடாது. தடுக்க எதுவுமில்லாமல் அது உறையில் மோதிச் சேதப்படுத்தும்.

பொருத்தியவுடன் தோட்டா போடாமல் செய்ய வேண்டிய சோதனை இதுதான். பாதுகாப்புப் பொத்தானை அழுத்தி வைத்து விசையை இழுத்தால் ஹாமர் அசையக் கூடாது. பொத்தானை விடுவித்து இழுத்தால் விழ வேண்டும். இழுத்த விசையை விடாமல் பிடித்தபடியே போல்ட்டைப் பின்னிழுத்து விட்டால் ஹாமர் நிமிர்ந்தே நிற்க வேண்டும். விரலைத் தளர்த்தும்போது விசை மீளும் சிறு சொடுக்கு கேட்க வேண்டும். கடைசியாக, ஹாமர் நிமிர்ந்திருக்க, ரைபிளின் அடிக்கட்டையை இறப்பர் விரிப்பில் நன்றாகத் தட்டிப் பார்க்க வேண்டும்; ஹாமர் விழக் கூடாது. இவற்றில் ஒன்று தவறினாலும் தோட்டாவைத் தொடாமல் விற்றவரிடமே திருப்பிக் கொடுப்பதுதான் ஒரே வழி. சோதனை எல்லாம் சரியாக வந்த பிறகும், முதல் சூடுகளை மகசினில் இரண்டே தோட்டாக்கள் போட்டுச் சுட வேண்டும் என்பது கழகத்து மேற்பார்வையாளரின் கட்டளை. நான் அதை எல்லாருக்கும் பரிந்துரைப்பேன்.

பராமரிப்பைப் பற்றி விற்பவர்கள் அதிகம் பேசுவதில்லை. .22 தோட்டாவின் குண்டில் மெழுகு பூசியிருக்கும்; எரியாத மருந்துத் துகள்களும் அந்த மெழுகும் சேர்ந்து, போல்ட் பின்னே வரும்போதெல்லாம் விசைத் தொகுதிக்குள் விழுகின்றன. எண்ணெயை ஊற்றி வைத்தால் அது பசையாகித் துகள்களைப் பிடித்துக்கொள்ளும், சுத்தமான விசையும் மறுபடி மணலில் இழுப்பதுபோல் ஆகிவிடும். கழுவி, உலர்த்தி, அச்சுகளில் மட்டும் ஒரு துளி தொட்டு வைப்பது போதும்.

மைத்துனருக்கு நான் சொன்னது பீஎக்ஸைத்தான். மிச்சமாகும் பணத்தில் பல வகைத் தோட்டாக்களைச் சிறு பெட்டிகளாக வாங்கி, தன் குழல் எதை விரும்புகிறது என்று கண்டுபிடிக்கும்படியும் சொன்னேன். கொழும்பு வரும்போது ஆசையாகக் காட்டுவதற்கென்று இத்தகைய பாகத்தைப் பயணப்பெட்டியில் போட்டுக் கட்டுநாயக்காவில் இறங்கும் எண்ணம் எவருக்கும் வரக் கூடாது. அனுமதியில்லாமல் சுடுகலனின் பாகங்களைக் கொண்டு வருவது வேடிக்கையாக முடியாது. கழற்றிய பழைய தொகுதியை எறிந்துவிடவும் வேண்டாம். பூட்டிய பெட்டியில் வைத்திருந்தால், ரைபிளை விற்கும் நாளில் அதைத் திரும்பப் பொருத்தி, புதிய விசையை அடுத்த ரைபிளுக்கு எடுத்துக்கொள்ளலாம்.