தொல்லியலா, புவியியலா?

பழைய இடங்களும் நிலமும் பிடிக்கும், எதைப் படிக்கலாம் என்று ஏ.எல். முடித்த மட்டக்களப்புத் தம்பி தங்கச்சிமார் கேட்கிறார்கள்.

செலவு: புவியியலுக்கு வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கு வீட்டிலிருந்தே பஸ்ஸில் போய் வரலாம். தொல்லியலுக்கு யாழ்ப்பாணமோ பேராதனையோ போனால், படிப்பு இலவசம்தான், போர்டிங் காசுதான் பாரம்.

களவேலை: புவியியலில் வாவி முகத்துவாரத்தை மணல் மூடுவதையும் வெள்ளம் உடைப்பதையும் வரைபடத்தில் பிடிக்கலாம். தொல்லியலில் குழிக்குள் முழங்காலிட்டு, மண்ணை அடுக்கடுக்காகச் சுரண்டி, ஒரு கறுப்பு சிவப்பு மட்பாண்ட ஓட்டுத்துண்டு எந்த அடுக்கில் கிடந்தது என்று அப்போதே எழுத வேண்டும். அடுக்கு மாறினால் அந்த ஓட்டின் காலமும் குழம்பிவிடும், அந்தப் பொறுமை எல்லாருக்கும் வராது.

வேலை: புவியியலுக்கு ஆசிரியர், திட்டமிடல் என்று வழி கூட.

வரைபடம் பிடித்தால் புவியியல் சரி. 1628இல் போர்த்துக்கேயர் கட்டிய நம் கோட்டைச் சுவரைத் தொட்டதும், இதற்குக் கீழே என்ன இருக்கும் என்று மனம் கேட்டால் தொல்லியலுக்கே போங்கள்.