வாங்கும் முன் 11 நிமிடம், வாங்கிய பின் 18 நாள்

இன்று காலை வந்த இரண்டு வரி மின்னஞ்சலைப் படித்த சூட்டோடு இதை எழுதுகிறேன். ஆறவைத்து எழுதினால் நாகரிகமாக எழுதிவிடுவேன் என்று பயம். கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. பழைய மடிக்கணினிகளை வாங்கிச் சீர்செய்து இணையம் வழியே விற்கும் சிறிய கடை, அவ்வளவுதான். இரண்டு மூன்று பேர் வேலை பார்க்கிற இடம் என்று ஊகிக்கிறேன். இப்படிப்பட்ட கடைகள் எங்கும் இருக்கின்றன. நீங்களும் ஒன்றில் வாங்க நினைத்துக்கொண்டிருக்கலாம். என்னென்ன பார்த்து வாங்க வேண்டும் என்று கடைசியில் விரிவாகவே எழுதுகிறேன்.

போனது என் ஒன்றரை மாதச் சம்பளம். தொகையை எண்ணில் எழுத மனம் வரவில்லை. யாருக்கோ அது சின்னத் தொகையாகத் தெரியும். எனக்கு அது ஒன்றரை மாதச் சம்பளம்.

முதலில் அவர்களைப் பாராட்டிவிடுகிறேன், ஏனென்றால் நான் விழுந்ததே அங்கேதான். வாங்குவதற்கு முன் ஐந்து கேள்விகள் எழுதி அனுப்பினேன். பேட்டரி எந்த நிலையில் இருக்கிறது, விசைப்பலகையை மாற்றினார்களா, திரையில் புள்ளி விழுந்திருக்கிறதா, திருப்பித் தர எத்தனை நாள், ரசீது உண்டா. 11 நிமிடத்தில் பதில் வந்தது. ஐந்துக்கும் தனித்தனியாக. பேட்டரி முதலில் இருந்த திறனில் 85 சதவீதத்துக்கு மேல் தாங்கும் என்று எழுதியிருந்தார்கள். அதோடு, "பேட்டரியைப் பற்றிப் பெரும்பாலோர் கேட்பதில்லை, கேட்டதற்கு நன்றி" என்று ஒரு வரி. விவரம் தெரிந்தவன் என்று ஒருவர் சொல்லிவிட்டால் மனிதன் எவ்வளவு சீக்கிரம் விவரம் இல்லாதவன் ஆகிவிடுகிறான் பாருங்கள்.

இன்னொன்றும் செய்தார்கள். விசைப்பலகையைப் புகைப்படம் எடுத்து அனுப்பி, "ஒரு விசையில் எழுத்து சற்றுத் தேய்ந்திருக்கிறது, பின்னால் வருத்தம் வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுகிறோம்" என்றார்கள். கேட்காமலே குறையைச் சொல்கிறவன் வேறு எதையும் மறைக்கமாட்டான் என்று நினைத்தேன். அந்த ஒரு தேய்ந்த விசைதான் என்னை வாங்கவைத்தது. சின்னக் குறையைக் காட்டிப் பெரிய குறையைத் தாண்டவைப்பது பழைய வித்தை என்று இப்போது எல்லாரும் எனக்குச் சொல்கிறார்கள். அப்போது ஒருவரும் சொல்லவில்லை.

பணம் கட்டும் நேரத்தில், அட்டையில் கட்டினால் 3 சதவீதம் கூடுதல், வங்கிக் கணக்குக்கு நேரடியாக அனுப்பினால் அது இல்லை என்றார்கள். நான் அந்த 3 சதவீதத்தை மிச்சம் பிடித்தேன்.

பொட்டி வந்தது. சுற்றியிருந்த விதத்தைப் பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம் போல இருந்தது. சார்ஜரில் போட்டு, நூறு சதவீதம் ஆனதும் பிடுங்கினேன். 47 நிமிடத்தில் திரை இருண்டது. முதல் நாள் அப்படித்தான் இருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். மறுநாளும் 47 நிமிடம்.

விண்டோஸில் பேட்டரியின் வரலாற்றையே ஒரு பக்கமாக எடுத்துத் தரும் கட்டளை ஒன்று உண்டு. அந்த அறிக்கையில் இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். தயாரித்தபோது எவ்வளவு கொள்ளளவு, இப்போது முழுதாக ஏற்றினால் எவ்வளவு பிடிக்கிறது. என்னுடையதில் முதல் எண் 50,000 மில்லிவாட் மணி. இரண்டாவது எண் 20,600. அதாவது 41 சதவீதம். 85 எங்கே, 41 எங்கே? கணினியை விற்கிறவர்களுக்கு இந்த அறிக்கையை எடுக்க ஒரு நிமிடம் ஆகாது. எடுக்காமல் 85 என்று எழுதியிருந்தால் அலட்சியம். எடுத்துவிட்டு எழுதியிருந்தால் அதற்கு வேறு பெயர்.

பொட்டி வந்த மறுநாளே அறிக்கையை இணைத்து எழுதினேன். மரியாதையாகத்தான். "தவறுதலாக வேறு பேட்டரி வந்துவிட்டது போலிருக்கிறது" என்று அவர்கள் சார்பில் நானே ஒரு காரணத்தையும் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தேன். அடுத்த நொடி பதில். தானாகப் போகும் பதில். "உங்கள் அஞ்சல் எங்களுக்கு முக்கியம். 24 முதல் 48 மணி நேரத்துக்குள் தொடர்புகொள்வோம்." கீழே ஒரு புகார் எண்.

48 மணி நேரம் போனது. நான்காம் நாள் இரண்டாவது அஞ்சல். அதற்கும் அதே முக்கியம், அதே 48 மணி நேரம், ஆனால் புதிய புகார் எண். இது எனக்கு உறைக்கச் சில நாள் ஆனது. ஒவ்வொரு முறை நினைவூட்டும்போதும் அவர்கள் பட்டியலில் நான் புதிதாக வந்த ஆள். அண்மையில் வந்ததைக் கடைசியில் வைத்து வரிசைப்படுத்தும் மென்பொருளாக இருந்தால், கேட்கக் கேட்க வரிசையின் பின்னால் தள்ளப்படுவோம். பொறுமையாக இருந்தாலும் பதில் இல்லை, பொறுமை இழந்தாலும் பதில் இல்லை.

ஆறாம் நாள் மனிதக் கை பட்ட முதல் பதில்: "சம்பந்தப்பட்ட பிரிவுக்கு அனுப்பியுள்ளோம்." எட்டாம் நாள் தொலைபேசியில் அழைத்தேன். இளைஞர் ஒருவர் எடுத்தார்.

"சார், இது விற்பனைக்கான எண். புகாரெல்லாம் மின்னஞ்சலில்தான்."

"மின்னஞ்சலுக்குப் பதில் வரவில்லையே, தம்பி. யார் பார்க்கிறார்கள் அதை?"

"அது வேறு பிரிவு, சார்."

"அந்தப் பிரிவில் யாரிடமாவது கொடுங்களேன்."

சற்று நேரம் சத்தமே இல்லை. பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நான்தான் சார் அதையும் பார்க்கிறேன். நேரம் கிடைக்கும்போது."

அந்தப் பையன் மேல் எனக்குக் கோபம் இல்லை. சிறிய கடை நடத்துகிறவர்களின் பாடு எனக்குத் தெரியாததும் இல்லை. ஒரே ஆள் பொட்டி கட்டி, கணக்கு எழுதி, கணினியைப் பிரித்துப் பார்த்து, நடுவில் அஞ்சலுக்கும் பதில் எழுத வேண்டும். ஒரு நாள் தாமதம், இரண்டு நாள் தாமதம், ஒரு வாரம்கூடப் பொறுக்கலாம். அன்று அப்படித்தான் மனதைத் தேற்றிக்கொண்டு, "மெதுவாகப் பாருங்கள், தம்பி" என்று வேறு சொல்லி வைத்தேன். அந்த வார்த்தைக்காக இப்போது என்னை நானே அறைந்துகொள்ளலாம்.

ஏனென்றால் ரசீதின் பின்புறம் ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. பொருள் கிடைத்த 14 நாளுக்குள் திருப்பித் தரலாம், ஆனால் கடையின் ஒப்புதலைப் பெற்ற பிறகுதான் அனுப்ப வேண்டும். ஒப்புதல் மின்னஞ்சலில்தான் வரும். மின்னஞ்சலை அவர்கள் நேரம் கிடைக்கும்போதுதான் பார்ப்பார்கள். இந்த மூன்று வாக்கியங்களையும் ஒரு முறை சேர்த்துப் படித்துப் பாருங்கள்.

அன்று மாலை மூன்றாவது அஞ்சல், 11ஆம் நாள் நான்காவது. 13ஆம் நாள் அனுப்பிய ஐந்தாவதற்கு "நாளையோடு 14 நாள் முடிகிறது" என்றே தலைப்பு வைத்தேன். பதில் இல்லை.

15ஆம் நாள் என் அண்ணன் வீட்டுக்கு வந்திருந்தார். கதையைக் கேட்டுவிட்டு, "உன் அஞ்சல் அவர்களுக்குப் போகிறதா என்று முதலில் பார்ப்போம்" என்று தன் கணக்கிலிருந்து ஒரு வரி அனுப்பினார். இரண்டு மடிக்கணினி தேவை, விலை சொல்லுங்கள். 9 நிமிடம்! எனக்கு 11, அவருக்கு 9, இரண்டு கணினி அல்லவா. அதே அஞ்சல் தொடரில் அண்ணன் அடுத்து எழுதினார்: "என் தம்பி வாங்கியதில் பேட்டரி கோளாறு, அதைச் சரிசெய்துவிட்டால் நானும் வாங்குகிறேன்." அதற்கு இன்று வரை பதில் இல்லை. தானாகப் போகும் பதில்கூட இல்லை.

இனி இன்று காலை வந்த மகா வாக்கியம். அப்படியே தருகிறேன். "உங்கள் முந்தைய அஞ்சல்கள் எங்களுக்குக் கிடைக்கவில்லை, ஸ்பேமில் போயிருக்கலாம். 14 நாள் முடிந்துவிட்டதால் திருப்பி எடுக்க இயலாது, சிரமத்துக்கு வருந்துகிறோம்."

இந்த இரண்டு வரிக்குக் கீழே, வழக்கம்போல், எந்த அஞ்சலுக்குப் பதில் எழுதினார்களோ அது ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. என்னுடைய முதல் அஞ்சல். பொட்டி வந்த மறுநாள் தேதியோடு, 41 சதவீதத்தோடு, "தவறுதலாக வந்துவிட்டது போலிருக்கிறது" என்று நான் வழிந்த வரியோடு. கிடைக்காத கடிதத்துக்குப் பதில் எழுதியிருக்கிறார்கள்!

ஸ்பேம் என்ற சொல்லைக் கேட்டதும் அடங்கிவிடுகிறவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். முகவரி இல்லை என்றால் அஞ்சல் பெரும்பாலும் திரும்பி வந்துவிடும். அந்தப் பக்கத்துச் செர்வர் அந்த நேரத்தில் படுத்திருந்தால், அனுப்பும் செர்வர் விடாமல் முயல வேண்டும். குறைந்தது நான்கைந்து நாள் முயன்ற பிறகே கைவிட வேண்டும் என்று மின்னஞ்சல் போக்குவரத்துக்கான 2008ஆம் ஆண்டு விதிமுறையே சொல்கிறது. ஸ்பேமில் சத்தமில்லாமல் விழ வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஐந்து அஞ்சலுக்கும் புகார் எண் கொடுத்தது யார்? ஒருவேளை அவர்கள் எழுதிய பதில்தான் என் பக்கத்து ஸ்பேமில் விழுந்ததோ என்று அங்கேயும் போய்த் துழாவிவிட்டேன். வராத பரிசுப் பணங்களும் வழுக்கைக்கு மருந்தும்தான் கிடந்தன.

வயிற்றெரிச்சலில் மற்ற நாடுகளின் சட்டங்களைத் தேடிப் படித்தேன். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2011ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, இணையத்தில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் வேண்டாம் என்று சொல்லலாம். வாங்கியவர் அந்த 14 நாளுக்குள் அறிவிப்பை அனுப்பியிருந்தாலே போதும். கடைக்காரர் எப்போது படித்தார் என்பது அவர் பிரச்சினை. என்ன அருமையான விதி! இந்தியாவில் 2020ஆம் ஆண்டு இணைய வணிக விதிகள், புகார் வந்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொள்ள வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்கின்றன. நான் இருக்கும் இடத்தில் இரண்டும் செல்லாது. இங்கே ரசீதின் பின்புறம்தான் சட்டம்.

வங்கிக்கும் போனேன். அட்டையில் கட்டியிருந்தால் பணத்தை மீட்டுத் தரும்படி அட்டை வழங்கிய வங்கியிடமே தகராறு எழுப்பலாம். விசா, மாஸ்டர்கார்டு இரண்டிலும் பொதுவாக 120 நாள் வரை அவகாசம் உண்டு. "நீங்களே உங்கள் கையால் அனுப்பிய பணம், நாங்கள் எப்படித் திருப்பிக் கேட்பது?" என்றார் கவுண்டரில் இருந்தவர். 3 சதவீதம் மிச்சம் பிடித்தவனுக்கு ஒன்றரை மாதச் சம்பளம் போனது. வீட்டில் இந்த இரண்டு எண்களையும் சேர்த்து யாரும் உச்சரிப்பதில்லை, என் முகத்தைப் பார்த்துவிட்டு.

ஆறாவது அஞ்சலை இன்று காலையே அனுப்பிவிட்டேன். உங்கள் அஞ்சல் எங்களுக்கு முக்கியம் என்று உடனே பதில் வந்தது.

அறிவுரை விரிவாகத் தருவதாகச் சொன்னேன். இதை அந்த மடிக்கணினியில்தான், வேண்டுமென்றே சார்ஜரைப் பிடுங்கிவிட்டுத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். 12 சதவீதம் காட்டுகிறது. ஆகவே சுருக்கமாக.

அட்டையில் கட்டுங்கள், 3 சதவீதம் போனால் போகட்டும்.

பேட்டரி அறிக்கையைப் படமாகக் கேளுங்கள். எண்ணை வாயால் சொன்னால் நம்பாதீர்கள்.

வாங்கும் முன் விற்பனை முகவரிக்கு எழுதி வேகத்தை அளக்காதீர்கள். "போன மாதம் வாங்கியதில் கோளாறு" என்று வேறொரு கணக்கிலிருந்து எழுதிப் பாருங்கள், ரசீது எண் மட்டும் கேட்பார்கள், உங்களிடம் அது இருக்காது, பரவாயில்லை, எத்தனை நாளில் கேட்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

14 நாள் என்றால் எந்த நாளிலிருந்து, யார் ஒப்புதல் கொடுத்த பிறகு என்று எழுத்தில் வாங்குங்கள். பதில் வரவில்லை என்றால் காத்திருக்காமல் பொருளைப் பதிவுத் தபாலில் திருப்பி அனுப்பிவிடலாமா என்று ஒரு வழக்கறிஞரிடம் கேட்க நினைத்திருந்தேன், அதையும்

6 சதவீதம். சார்ஜர் அடுத்த அறையில் இருக்கிறது.