டன்ஸ்டர் லட்டரல்கள்: இடைக்கால இங்கிலாந்து நில ஆவணங்களை நெடுநாள் புழங்கியதில் தெரிந்தவை

சாமர்செட் கவுண்டியின் டன்ஸ்டர் கோட்டை 1376-இல் விலைபோனது. விற்றவர் ஜோன் டி மோஹுன் சீமாட்டி, வாங்கியவர் எலிசபெத் லட்டரல் சீமாட்டி. விலை 5,000 மார்க். ஒரு மார்க் 13 ஷில்லிங் 4 பென்ஸ். எனவே 3,333 பவுண்டு 6 ஷில்லிங் 8 பென்ஸ். ஆனால் ஜோன் ஆயுள் உள்ளவரை அனுபவ உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1404 வரை அவர் வாழ்ந்தார். வாங்கிய எலிசபெத்தோ 1395-லேயே இறந்துவிட்டார். கோட்டை கடைசியில் சேர்ந்தது அவர் மகன் ஹியூவிடம். பத்திரத்துக்கும் சுவாதீனத்துக்கும் நடுவே 28 ஆண்டுகள். ஒரே ஓர் ஆவணத்தை நம்பி "லட்டரல்கள் டன்ஸ்டருக்கு வந்தது இந்த ஆண்டு" என்று எழுதினால் நிச்சயம் பாதிதான் சரியாக இருக்கும்.

லட்டரல் குடும்பத்தின் தடத்தைப் பல வகை ஆவணங்களில் பிடித்துப் பார்த்ததில் உறுதியான வழிமுறை ஒன்றுதான்: பெயரை விட்டுவிட்டு நிலத்தைப் பின்தொடர வேண்டும். பெயர் ஒவ்வொரு எழுத்தர் கையிலும் லுட்டரல், லோட்டரல், லுட்டரெல் என்று உருமாறும். ஆண்ட்ரூ, ஹியூ, ஜான் என்ற பெயர்கள் தலைமுறைக்குத் தலைமுறை திரும்ப வரும். நிலம் இடம்பெயராது.

1086-இன் டூம்ஸ்டே நிலக் கணக்கெடுப்பில் லட்டரல் என்று தேடினால் ஒன்றும் கிடைக்காது. டன்ஸ்டர் என்று தேடினாலும் ஏமாற்றம்தான், கோட்டை அதில் 'டோரே' என்ற பெயரில் இருக்கிறது. வைத்திருந்தவர் வில்லியம் டி மோஹுன். லட்டரல்களின் இன்னொரு மேனரான (ஒரு பிரபுவின் உரிமையில் இருந்த நிலப்பகுதி) ஈஸ்ட் குவாண்டாக்ஸ்ஹெட் அப்போது ரால்ஃப் பேனல் கையில். பேனல் குடும்பத்துப் பெண்வழி உரிமையாக அது 13ஆம் நூற்றாண்டில் லட்டரல்களுக்கு வந்தது. ஊரைப் பிடித்துப் போனவருக்கே இந்த மணவழித் தொடர்பு கண்ணில் படும்.

தொடங்க நல்ல இடம் விக்டோரியா கவுண்டி ஹிஸ்டரி என்ற உள்ளூர் வரலாற்று நூல் வரிசை. 1899-இல் தொடங்கிய இந்த வரிசையில் ஒவ்வொரு ஊருக்கும் மேனர் யாரிடமிருந்து யாருக்குப் போனது என்ற பகுதி உண்டு. ஈஸ்ட் குவாண்டாக்ஸ்ஹெட் சாமர்செட் 5ஆம் தொகுதியில் இருக்கிறது. பிரிட்டிஷ் ஹிஸ்டரி ஆன்லைன் இணையதளத்தில் இந்த வரிசையின் பல தொகுதிகளைப் படிக்கலாம். மேலே உள்ள வாக்கியத்தைவிட அடிக்குறிப்புதான் மதிப்பு. ஒவ்வொரு குறிப்பு எண்ணையும் தனித்தாளில் எழுதிக்கொண்டு மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். சுருக்கி எழுதும்போது "மகன்" என்று ஆகிவிடுவது மூலத்தில் "வாரிசு" என்று மட்டும் இருக்கும். ஹியூவுக்கு ஈஸ்ட் குவாண்டாக்ஸ்ஹெட் கிடைத்தது தந்தையிடமிருந்து அல்ல. நேரடி வாரிசில்லாத கிளைவழி உறவினர் சர் ஜான் லட்டரல் இறந்தபின். "வாரிசு" என்பதை "மகன்" என்று படித்தால் வம்சப்படம் அந்த இடத்தில் கோணலாகிவிடும்.

அடுத்தது இறப்புக்குப் பிந்தைய விசாரணை. அரசரிடமிருந்து நேரடியாக நிலம் பெற்றவர் இறந்தால் எஸ்சீட்டர் என்ற அரசு அதிகாரி உள்ளூர் ஜூரிகளைக் கூட்டி, என்னென்ன நிலம், யாரிடமிருந்து, என்ன மதிப்பு, வாரிசு யார், வயதென்ன என்று கேட்டுப் பதிவு செய்வார். தேசிய ஆவணக் காப்பகத்தில் மூன்றாம் எட்வர்ட் காலத்தவை சி 135 என்ற குறியீட்டிலும் இரண்டாம் ரிச்சர்ட் காலத்தவை சி 136 என்ற குறியீட்டிலும் உள்ளன. மிகப் பயனுள்ள வகை, ஆனால் மூன்று இடங்களில் காலை வாரும். வாரிசின் வயது "21-உம் அதற்கு மேலும்" என்றிருந்தால் மேஜர், அதாவது சட்டப்படி வயது வந்தவர் என்பது மட்டுமே பொருள். 21 என்று குறித்துக்கொள்ளக் கூடாது. ஒருவருக்குப் பல கவுண்டிகளில் நிலம் இருந்தால் ஒவ்வொரு ஜூரியும் ஒவ்வொரு இறப்புத் தேதி சொல்லும். அவர் குடியிருந்த கவுண்டியின் கூற்றுக்கு முதல் எடை கொடுப்பது நல்லது. அச்சில் வந்த பழைய சுருக்கத் தொகுதிகள் ஜூரிகளின் பெயர்களையும் நில மதிப்பு விவரங்களையும் விட்டுவிட்டன. அவை வேண்டுமென்றால் மூலத்துக்குத்தான் போக வேண்டும்.

இந்த விசாரணையில் ஒரு நிலம் இல்லாவிட்டால் குடும்பத்திடம் அது இல்லை என்று முடிவு கட்டக் கூடாது. 14ஆம் நூற்றாண்டின் பின்பாதியிலிருந்து, மைனர் வாரிசின் நிலம் அரசர் காப்புக்குப் போகாமல் இருக்கவே பலரும் நிலத்தை நம்பகமான சிலர் பெயருக்கு எழுதிவைத்தார்கள். டன்ஸ்டரிலும் ஜோனின் கணவர் அப்படிச் செய்திருந்தார். அதனால்தான் மூன்று மகள்கள் இருந்தும் ஜோனால் விற்க முடிந்தது, ஹியூ சுவாதீனம் எடுத்ததும் அந்த மகள்கள் பக்கத்தார் வழக்குக்கு வந்தார்கள். விசாரணைப் பதிவில் இடைவெளி தெரிந்தால் தேட வேண்டியது இத்தகைய கைமாற்றுப் பத்திரங்களைத்தான்.

எல்லாவற்றிலும் அதிகம் கைகொடுத்தது ஃபைன் பத்திரம். நிலக் கைமாற்றத்தைப் பொய் வழக்காகப் போட்டு, நீதிமன்றத்தில் சமரசமாக முடித்துப் பதிவு செய்யும் முறை இது. ஒரே தோல் ஏட்டில் உடன்பாடு மூன்று முறை எழுதப்படும்: இரண்டு பக்கவாட்டில், ஒன்று அடியில் குறுக்கே. நடுவில் பெரிய எழுத்தில் ஒரு சொல்லை எழுதி, அதன் மேலேயே அலை அலையாக வெட்டுவார்கள். பின்னால் யாராவது போலி கொண்டுவந்தால் வளைவுகள் பொருந்தாது, பிளந்த எழுத்துகளும் சேராது. அடித்துண்டு நீதிமன்றத்திலேயே தங்கும். 1195-இலிருந்து அடித்துண்டுகளை முறையாகச் சேர்த்து வைத்ததால் இன்று தேசிய ஆவணக் காப்பகத்தின் சி.பி. 25/1 வரிசையில் கவுண்டிவாரியாக அவை இருக்கின்றன.

ஃபைனில் உள்ள தொகையை நம்ப வேண்டாம். 100 மார்க், 100 பவுண்டு என்று வரும் முழு எண்கள் பெரும்பாலும் வழக்கத்துக்குப் போட்டவை. பார்க்க வேண்டியது மனைவி பெயர். விற்பவர் பக்கம் கணவனோடு மனைவியும் நின்றால், நிலம் அவள் பிறந்த வீட்டுச் சொத்தாகவோ அவளுக்கு விதவைப் பங்கு கோரும் உரிமை உள்ளதாகவோ இருக்கலாம். உத்தரவாத வரியில் "மனைவியின் வாரிசுகள்" என்று வந்தால் சந்தேகமே வேண்டாம், அது அவளுடையது. ஆண்பெயர்களாகவே நிறைந்த வம்சப்படங்களில் ஒரு பெண்ணின் பிறந்த குடும்பத்தைக் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி அரிது.

தேதிக் கணக்கில்தான் அதிகம் தடுமாற்றம். ஆவணங்கள் அரசரின் ஆட்சியாண்டைச் சொல்லும். மூன்றாம் எட்வர்டின் முதல் ஆண்டு 1327 ஜனவரி 25-இல் தொடங்குகிறது. 50ஆம் ஆண்டு என்றால் 1327-உடன் 49-ஐக் கூட்ட வேண்டும், 50-ஐ அல்ல: 1376 ஜனவரி 25 முதல் 1377 ஜனவரி 24 வரை. ஜான் மன்னரின் ஆட்சியாண்டு இன்னும் தொல்லை. அது இயேசு விண்ணேற்றத் திருநாளில் தொடங்குவதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும், அட்டவணை இல்லாமல் கை வைக்கவே கூடாது.

வழக்குச் சுருள்களுக்கு (நீதிமன்ற வழக்குகளைப் பதிந்த தோல் சுருள்கள்) ஹூஸ்டன் பல்கலைக்கழகம் இலவசமாகப் படங்கள் வைத்திருக்கிறது. லத்தீன் சுருக்கெழுத்து படிக்கத் தெரியாதவருக்கு அங்கே வேலை நகராது. மேனர் நீதிமன்றச் சுருள் எந்தக் காப்பகத்தில் என்று அறிய மேனர் ஆவணப் பதிவேடு போதும்.

லட்டரல்கள் விஷயத்தில் பெரும் பேறு, குடும்பத்தின் சொந்தப் பத்திரங்களே தப்பிப் பிழைத்திருப்பது. 1650-இல் டன்ஸ்டரில் சிறைவைக்கப்பட்ட வில்லியம் பிரின் அங்கிருந்த ஆவணங்களை ஒழுங்குபடுத்தினார். இன்று அவை சாமர்செட் காப்பகத்தில் டி.டி/எல் என்ற குறியீட்டில் உள்ளன. ஹியூ காலத்துக் கணக்குச் சுருள்களும் இவற்றில் உண்டு. இத்தகைய கணக்குகள் வழக்கமாக செப்டம்பர் 29, மைக்கேல் திருநாளில் தொடங்கி மறு ஆண்டு அதே நாளுக்கு முந்தைய இரவில் முடியும். எனவே ஒரே ஆண்டு எண்ணைப் போடாமல் இரண்டையும் சேர்த்துக் குறிக்க வேண்டும். முதல் வரியில் உள்ளது பழைய பாக்கி. அதை அந்த ஆண்டு வருமானத்தோடு சேர்த்துவிட்டால் குடும்பம் உண்மையைவிடப் பணக்காரக் குடும்பமாகத் தெரியும். எண்களில் இன்னொரு கண்ணி உண்டு: ரோமன் நான்குக்கு மேலே பொடியாக ஓர் இருபது எழுதியிருந்தால் அது நான்கு இருபதுகள், அதாவது 80. அதை 24 என்று படித்துவிட்டால் அந்தப் பக்கத்தின் கூட்டுத்தொகை எத்தனை முறை போட்டாலும் ஒத்துவராது.