அவுரிக் கலகமா, சம்பாரணா?

இரண்டுமே நீலச் சாயம் தரும் அவுரிச் செடியைக் கட்டாயமாகப் பயிரிட வைத்ததற்கு எதிரான போராட்டம்தான், வழிதான் வேறு. 1859இல் வங்காளத்து நதியா விவசாயிகள் எந்தத் தலைவருக்கும் காத்திருக்கவில்லை. முன்பணம் கொடுத்தே தீராக் கடனில் தள்ளிய தோட்டத் துரைகளிடம் இனி விதைக்க மாட்டோம் என்று ஈட்டியும் வாளுமாக நின்றார்கள், பெண்கள் அடுப்படிச் சட்டி பானையையே தூக்கிக்கொண்டு வந்தார்கள். மறு வருடமே விசாரணைக் கமிஷன் வந்தது. அங்கே தொழில் படுத்ததும் துரைகள் பீகாருக்கு நகர்ந்தார்கள்.

பீகாரின் சம்பாரணில் 20 கட்டா (அங்குள்ள நில அளவு) நிலத்தில் 3 கட்டா அவுரிக்கு என்று கட்டாயம். ராஜ்குமார் சுக்லா என்ற விவசாயி விடாமல் அலைந்து 1917இல் காந்தியை அழைத்து வந்தார், அப்புறம் ஆயிரக்கணக்கானோர் வாக்குமூலம் கொடுத்தார்கள். 1918இல் சட்டம் வந்து கட்டாயம் ஒழிந்தது, சரி. முறைகேடாகப் பிடுங்கிய பணத்தில் 25 சதவீதம்தான் திரும்பியது. என் மனசு நதியா பக்கம்தான், அந்தச் சட்டி பானைகளுக்காக.