ரெய்கி வகுப்புக்குப் பணம் கட்டும் முன் அங்கே தரும் தாளை ஒருமுறை பார்த்துவிடுங்கள்

கொடைக்கானலில் போர்டு எழுதுவது என் தொழில். ஃபிளெக்ஸ் வந்த பிறகு ஹோம்ஸ்டேக்காரர்கள்தான் இன்னும் பிரஷ் எழுத்து கேட்கிறார்கள். அப்படி வட்டக்கானல் பக்கம் வேலைக்குப் போன இடத்தில்தான் மாட்டினேன். கை வைத்து நோய் தீர்ப்பதாகச் சொல்லும் ஜப்பானிய முறையான ரெய்கிக்கு இரண்டு நாள் வகுப்பு, இரண்டாம் நிலை, மூன்று புனிதச் சின்னங்களை வரையக் கற்றுத்தருவார்களாம், 9,000 ரூபாய். முதல் நிலையை மனைவியோடு மதுரையில் ஏற்கெனவே முடித்திருந்தேன். வரைவது என்றதும் கை துறுதுறுத்தது, ஜிபேயில் அனுப்பிவிட்டேன்.

இரண்டு நாளில் வரைந்தது முக்கால் மணி நேரம். மீதியெல்லாம் தியானமும், "மாஸ்டர் நிலைக்கு 30,000, இன்றே கட்டினால் 22,000" என்ற பேச்சும்தான்.

சின்னங்கள் அச்சான ஜெராக்ஸ் தாள் ஆளுக்கொன்று. முதல் சின்னமான சோ கு ரேயின் சுருள் எந்தப் பக்கம் சுற்றினாலும் நான் சண்டைக்குப் போக மாட்டேன், இரண்டு விதமாகவும் சொல்லித்தருகிறார்கள். ஹோன் ஷா ஸே ஷோ நென் என்ற சின்னம் அப்படியில்லை. ஐந்து ஜப்பானிய எழுத்துகளை ஒன்றன் கீழ் ஒன்றாக, கோடுகளைப் பங்குபோட்டு அடுக்கியது அது, இருபதுக்கு மேல் கோடு. எனக்கு ஜப்பான் மொழி தெரியாது. ஆனால் பிரஷ் எங்கே ஊன்றியது, எங்கே எடுத்தது என்பது கோட்டைப் பார்த்தாலே தெரியும். ஜப்பான்காரர்கள் படுக்கைக் கோட்டை இடமிருந்து வலமாக இழுப்பார்கள். தாளில் எல்லாம் வலப்பக்கம் தொடங்கி இடப்பக்கம் முடிந்திருந்தது. வேன் கண்ணாடியில் உள்பக்கமிருந்து எழுதிப் பழகியவன் நான். சின்னம் இடவலமாகத் திருப்பிப் போட்டு அச்சாகியிருக்கிறது!

மெதுவாகச் சொன்னேன். "சார், கோட்டைப் பார்க்காதீங்க, உள்ளே ஓடுற சக்தியைப் பாருங்க" என்றார் மாஸ்டர். ஹவாயிலிருந்து ரெய்கியைப் பரப்பிய டகாடா அம்மா 1980-இல் இறந்த பிறகு அவருடைய மாணவர்கள் வரைந்ததும் ஆளுக்கொரு மாதிரி இருந்ததாம். அது உண்மைதான். பிரதி வைத்துக்கொள்ளக் கூடாது என்று மனப்பாடமாகவே சொல்லித்தந்ததால் வந்த வினை அது. ஜெராக்ஸ் எடுத்துக் கையில் கொடுப்பவருக்கு என்ன கேடு?

கடைசியில் ரகசியம் காக்க வேண்டுமென்று தாள்களை ஒரு இரும்பு வாளியில் போட்டு எரிக்கச் சொன்னார்கள். மூடுபனியில் நமத்துப்போன தாள், புகைதான் வந்தது. நான் அவசரத்தில் சட்டைப்பையிலிருந்து ஒரு போர்டு எஸ்டிமேட்டை எடுத்துப் போட்டுவிட்டேன். வீட்டுக்கு வந்துதான் தெரிந்தது, சின்னங்கள் அச்சான தாள் பத்திரமாக இருக்கிறது.

போனில் ஒப்பிட்டேன். 'ஷோ' என்ற எழுத்தில் நடுக்கோட்டுக்கு வலப்பக்கம் வர வேண்டிய குட்டைக் கோடு இடப்பக்கம் நிற்கிறது. அந்த எழுத்துக்கு அர்த்தமே 'சரி' என்பதுதான்.

ரெய்கியில் நோய் தீருமா என்ற பஞ்சாயத்துக்கு நான் வரவில்லை. வரையச் சொல்லித்தருகிறேன் என்று வாங்கிய காசு இது. பாதியாவது திருப்பிக் கேட்டேன், "உங்களுக்கு நம்பிக்கை குறைவு" என்று ஒரு மெசேஜ், அப்புறம் பிளாக். ரசீது கிடையாது, ஜிபே ஸ்கிரீன்ஷாட்டை வைத்து 1915 நுகர்வோர் எண்ணில் புகார் பதிந்திருக்கிறேன்.

இந்த மூன்று சின்னங்களும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. போகத்தான் வேண்டுமென்றால் தாளை முன்கூட்டியே காட்டச் சொல்லுங்கள், ரசீது கேளுங்கள், வாளியில் போடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த பேட்ச் மே சீசனிலாம். மூஞ்சிக்கல் பக்கம் வந்தால் என் கடைக் கண்ணாடியில் அந்தத் தாளை ஒட்டி வைத்திருக்கிறேன். உள்ளே வந்து பின்பக்கமாகப் பாருங்கள், அப்போதுதான் நேராகத் தெரியும்.