ஃபோனுக்குள் ட்யூப் ஸ்க்ரீமர்: ஒரு பச்சைப் பெட்டி, மூன்று கணக்கு

கிட்டார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் ஓவர்டிரைவ் ஆப் எதைத் திறந்தாலும் முதலில் கண்ணில் படுவது ஒரு பச்சைப் பெட்டியும் மூன்று குமிழும்தான். 1970களின் கடைசியில் ஐபனீஸ் கொண்டுவந்த டிஎஸ்808 ட்யூப் ஸ்க்ரீமர் என்ற கிட்டார் பெடலின் சாயல் அது. படம் எங்கும் ஒன்றாக இருக்க, பின்னால் ஓடும் கணக்கு மூன்று வகை: ஒரு வளைகோட்டில் சிக்னலை அமுக்குவது, பெடலின் சர்க்யூட்டையே சமன்பாடாக்கித் தீர்ப்பது, பெடல் போடும் சத்தத்தை நியூரல் நெட்வொர்க்குக்குக் கேட்கக் கொடுத்துப் படிக்கவைப்பது. எது உசத்தி என்ற சண்டை ஓயப்போவதில்லை. எந்த வேலைக்கு எது போதும் என்பதை மட்டும் திட்டமாகச் சொல்லிவிடலாம். அதற்கு முதலில் அசல் பெட்டியைத் திறந்து பார்க்க வேண்டும்.

பெட்டிக்குள்

நடுவில் ஜேஆர்சி4558 என்ற ஆப்-ஆம்ப், அதாவது சிக்னலைப் பெருக்கும் சிப். அதன் ஃபீட்பேக் பாதையில் எதிரும் புதிருமாக இரண்டு சிலிக்கான் டையோடு, சிக்னலின் உச்சிகளை நறுக்குபவை அவைதான். டிரைவ் குமிழ் 500 கிலோஓம், அதோடு தொடராக ஒரு 51 கிலோஓம். கிரவுண்டுக்கு இறங்கும் பக்கத்தில் 4.7 கிலோஓமும் 0.047 மைக்ரோஃபாரடும். கூட்டிப் பார்த்தால், டிரைவ் சுழியத்தில் பெருக்கம் ஏறக்குறைய 12 மடங்கு, அதாவது 21.5 டெசிபெல். முழுதாகத் திருகினால் 118 மடங்கு, 41 டெசிபெல். குமிழின் மொத்த வீச்சே 20 டெசிபெல்தான். இந்த எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேலைக்கு வரும்.

கீழ்ப்பக்கத்து அந்த ரெசிஸ்டரும் கெபாசிட்டரும் சேர்ந்து 720 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கத்தைச் சரியவிடுகின்றன. டிரைவ் முழுதாக இருந்தாலும் ஆறாவது ஸ்ட்ரிங்கின் திறந்த ஸ்வரத்துக்கு, அதாவது 82 ஹெர்ட்ஸுக்கு, கிடைப்பது 22, 23 டெசிபெல் மட்டுமே. பவர் கார்டு (இரண்டு ஸ்வரக் கூட்டு) வாசிக்கும்போது அடிச்சத்தம், அதாவது பேஸ், கூழாகாமல் நிற்பது இதனால்தான்.

ஆப் எழுதுகிறவர்கள் கோட்டைவிடும் இடங்கள் இரண்டு. முதலாவது, இந்தச் சர்க்யூட்டில் பெருக்கம் ஒன்றுக்குக் கீழே போவதே இல்லை. உள்ளே வந்த சுத்தமான சிக்னல், டையோடு நறுக்கிய சிக்னலோடு சேர்ந்தேதான் வெளியே வருகிறது. இரண்டாவது, டையோடுகளுக்குக் குறுக்கே இருக்கும் 51 பிகோஃபாரட் கெபாசிட்டர். டிரைவைக் கூட்டக் கூட்ட அது ட்ரெபிளைக் கீழே இழுக்கிறது. டிரைவ் சுழியத்தில் 61 கிலோஹெர்ட்ஸில் காதுக்கு எட்டாமல் கிடக்கும் வெட்டு, முழு டிரைவில் 5.7 கிலோஹெர்ட்ஸுக்கு இறங்கிவிடும். ஒரு குமிழைத் திருகினால் இன்னொரு தன்மையும் கூடவே நகர்கிறது.

வளைகோடு

ஒரு ஹை-பாஸ் ஃபில்டர், பெருக்கல், டான்ஹெச் போன்ற ஒரு வளைகோடு, கடைசியில் ஒரு லோ-பாஸ். மலிவான ஆப்களில் இருப்பது பெரும்பாலும் இவ்வளவுதான். பழைய ஃபோனிலும் பிராசசர் வியர்க்காது.

குறைகளில் முதலாவதை மேலேயே சொல்லியாயிற்று: அந்தச் சுத்தமான சிக்னலைச் சேர்க்க மறந்த ஆப்பில் அடிச்சத்தம் அடியோடு காணாமல் போகும், "மெலிசா இருக்கே" என்று தோன்றும். இரண்டாவது குறை இன்னும் மோசம், அதன் பெயர் ஏலியாசிங். ஃபோன் 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 48,000 சாம்பிளில், ஓடினால் 24க்கு மேற்பட்ட எதற்கும் அங்கே இடமில்லை. 5 கிலோஹெர்ட்ஸ் சைன் அலை ஒன்றை இருபுறமும் சமமாக நறுக்குங்கள். 15, 25, 35, 45 என்று ஒற்றைப்படை ஹார்மோனிக்குகள் பிறக்கும். 15க்குத் தொந்தரவில்லை. 25 மடங்கி 23இல் விழும், 35 போய் 13இல் உட்காரும், 45 நேராக 3 கிலோஹெர்ட்ஸில் வந்து இறங்கும். காது மிகக் கூர்மையாக இருக்கும் இடத்தில், வாசித்த ஸ்வரத்தோடு ஒட்டும் இல்லாத உறவும் இல்லாத ஒரு சத்தம்.

இதைக் கண்டுபிடிக்க மீட்டர் வேண்டாம். ஆப்பில் உள்ள ஆம்பையும் கேபினட்டையும் (ஸ்பீக்கர் பெட்டி) அணைத்துவிட்டு, முதல் ஸ்ட்ரிங்கில் இருபதாவது ஃப்ரெட்டுக்கு மேல் பிடித்து, டிரைவை முழுதாக வைத்து மெல்ல பெண்ட் செய்யுங்கள். ஸ்வரம் ஏறும்போது பின்னணியில் ஏதாவது ஒரு சிணுங்கல் எதிர்த்திசையில் இறங்கினால், அது ஏலியாசிங். மருந்து ஓவர்சாம்ப்ளிங்: 4 மடங்கு என்றால் கணக்கு 192 கிலோஹெர்ட்ஸில் நடக்கும், பிராசசர் வேலையும் ஏறத்தாழ நாலு மடங்காகும். ஆப்பின் அமைப்புகளில் ஓவர்சாம்ப்ளிங் என்றோ உயர்தரம் என்றோ ஒரு சுவிட்ச் இருந்தால் போட்டுவிட்டு, அதே பெண்டைத் திரும்பக் கேளுங்கள்.

சர்க்யூட்டைத் தீர்ப்பது

இதற்கு ஒரு பரம்பரை உண்டு. ஆல்ஃபிரட் ஃபெட்வைஸ் 1970களில் ஃபில்டர்களுக்காக உருவாக்கிய வேவ் டிஜிட்டல் ஃபில்டர் முறையை, பின்னால் வந்தவர்கள் டையோடு உள்ள சர்க்யூட்டுகளுக்கும் நீட்டினார்கள். டிஸ்டார்ஷன் பெடல்களை இப்படித் தீர்ப்பது பற்றி டேவிட் யே ஸ்டான்ஃபோர்டில் 2009இல் முடித்த முனைவர் ஆய்வு இந்தத் துறையில் பலரும் தொடங்கும் இடம்.

ட்யூப் ஸ்க்ரீமர் இதற்கென்றே செய்தது போலப் பொருந்துகிறது. ஆப்-ஆம்பைக் குறையற்றது என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு சாம்பிளுக்கும் தெரியாதது ஒன்றே ஒன்று: டையோடுகளின் மேல் நிற்கும் வோல்டேஜ். அதைச் சில சுற்றுத் திருத்தத்தில் கண்டுபிடித்துவிடலாம். 4 மடங்கு ஓவர்சாம்ப்ளிங்கோடு இன்றைய நடுத்தர ஃபோன் இதைத் தாங்கும். 51 பிகோஃபாரட் இழுப்பு, சுத்த சிக்னல் சேர்க்கை எல்லாம் தனியாக யாரும் எழுதிச் சேர்க்காமலே வந்துவிடும், ஏனென்றால் அந்தப் பாகங்கள் கணக்கிலேயே இருக்கின்றன. குமிழ்கள் அசலைப் போலவே ஒன்றையொன்று இழுக்கும்.

ஜதின் சௌத்ரியின் பிஒய்ஓடி என்ற திறமூல ஆப் இந்த வகைக்கு நல்ல மாதிரி. ஐஃபோன், ஐபேடில் ஓடும், ட்யூப் ஸ்க்ரீமர் பிளாக்கும் உள்ளே இருக்கிறது.

கோளாறு எங்கே வரும்? அந்தக் குறையற்ற ஆப்-ஆம்புக்கு 9 வோல்ட் பேட்டரி என்று ஒன்று இருப்பதே தெரியாது. முன்னால் பெரிய பூஸ்ட் ஒன்றை வைத்து அடித்தால் அசல் பெடலில் ஆப்-ஆம்பும் முட்டிக்கொண்டு நறுக்கும். கணக்கில் அது நடக்காது, ஆப் சத்தம் அசலைவிடச் சுத்தமாக வரும். ஓவர்டிரைவ் மேல் ஓவர்டிரைவ் அடுக்குகிறவர்களுக்கு மட்டும்தான் இது தெரியும்.

நியூரல் கேப்சர்

பெடலுக்குள் என்ன இருக்கிறது என்று இந்த வழிக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். ஸ்டீவன் அட்கின்சனின் நியூரல் ஆம்ப் மாடலரில் மூன்று நிமிடத்தைச் சற்றே தாண்டும் ஒரு சோதனை ஒலியைப் பெடல் வழியே அனுப்பி, வெளியே வருவதைப் பதிவுசெய்து, இரண்டையும் கொடுத்துப் பயிற்சி ஓட்டினால் மாடல் தயார். ஐகே மல்டிமீடியாவின் டோன்எக்ஸும் இதே போக்கில் கேப்சர் எடுப்பதுதான், ஐஃபோனிலும் கிடைக்கிறது.

கேப்சர் என்பது ஒரு ஃபோட்டோ. டிரைவ் ஒன்பது மணியில், டோன் நடுவில், லெவல் முழுதாக என்று எடுத்தால் அந்த ஒரு நிலை மட்டுமே உங்கள் கையில். திரையில் டிரைவ் என்று குமிழ் தெரிந்தாலும், ஒரே நிலையில் எடுத்த கேப்சரில் அது மாடலுக்கு முன்னால் வால்யூமைக் கூட்டுவது மட்டும்தான். அசலில் டிரைவ் கூடும்போது நடக்கும் ட்ரெபிள் இழுப்பு இதில் வராது. இரண்டு வேறு டிரைவ் நிலைகளில் தனித்தனியாக எடுத்த கேப்சர்களை அடுத்தடுத்து வைத்துக் கேட்டால் இது புரியும்.

செலவும் கூடுதல். நியூரல் ஆம்ப் மாடலரின் வழக்கமான அளவு மாடலில் பதின்மூன்றாயிரத்துச் சொச்சம் எண்கள். ஒவ்வொரு சாம்பிளுக்கும் அத்தனையும் பெருக்க வேண்டும் என்றால், விநாடிக்கு அறுபது கோடிக்கு மேல் பெருக்கல். ஒரு மாடல் ஓடும், ஆம்புக்கு இன்னொன்று போட்டாலும் ஓடும். ஃபோன் சூடேறி வேகத்தைத் தானாகக் குறைக்கும்போதுதான் பட்பட்டென்று வெடிப்புச் சத்தம் தொடங்கும். சார்ஜில் போட்டபடி, தடித்த கேஸோடு வாசிக்கும்போது இது சீக்கிரம் வரும். ஃபெதர், நானோ போன்ற சிறிய அளவு மாடல்களை ஃபோனுக்கு வைத்துக்கொள்வது நல்லது.

இன்னொன்று. ட்யூப் ஸ்க்ரீமரின் வாயிலிலேயே ஒரு பஃபர் டிரான்சிஸ்டர் இருப்பதால் கேப்சருக்கு அது சாதுவான பெடல், கிட்டார் பிக்கப்போடு அதற்கு மல்லுக்கட்டு கிடையாது. ஃபஸ் ஃபேஸ் அப்படியில்லை. பிக்கப்பையும் சேர்த்துத் தன் சர்க்யூட்டுக்குள் இழுத்துக்கொள்ளும் பெடல் அது. கிட்டாரை ஃபோனோடு இணைக்கும் ஆடியோ இன்டர்ஃபேஸின் லைன் அவுட்டிலிருந்து நேரடியாக எடுத்த ஃபஸ் கேப்சர் கிட்டார் வால்யூமைக் குறைக்கும்போது அசல் மாதிரி தெளியாது.

எங்கே வித்தியாசம் கேட்கும், எங்கே கேட்காது

டிரைவைச் சுழியத்தில் வைத்து, லெவலை முழுதாக்கி, ஏற்கெனவே கொரகொரக்கும் ஆம்புக்கு முன்னால் ட்யூப் ஸ்க்ரீமர் போடுவது மெட்டல் வாசிப்பவர்களின் வழக்கம். அங்கே நறுக்கும் வேலை பெரும்பாலும் ஆம்பில் நடக்கிறது. பெடல் செய்வது அடிச்சத்தத்தை இறுக்குவது. ஒழுங்காக எழுதிய வளைகோடு இதற்குத் தாராளமாகப் போதும், இதற்காகக் காசு கொடுத்து கேப்சர் வாங்குவது வீண்.

சுத்தமான ஆம்ப், நடு டிரைவ், கிட்டார் வால்யூமை 10இலிருந்து 4க்கு இறக்கி ஏற்றி வாசிக்கும் ப்ளூஸ் என்றால் கதை வேறு. இரண்டு ஸ்ட்ரிங்கைச் சேர்த்துப் பிடித்து, வால்யூமை மெல்ல இறக்கிப் பாருங்கள். நல்ல சர்க்யூட் மாடலில் கரகரப்பு படிப்படியாக உதிரும். வளைகோட்டில் ஒரு கட்டத்தில் சட்டென்று துடைத்தது போல் ஆகிவிடும். கேப்சர் இந்தச் சோதனையில் சர்க்யூட் மாடலுக்கு ஈடு கொடுக்கும், பயிற்சி ஒலியில் மெல்லிய வாசிப்பும் இருந்திருந்தால். என் ஓட்டு இந்த வேலைக்கு சர்க்யூட் மாடலுக்கே: குமிழைத் திருக முடியாத பெடல் பாதிப் பெடல்தான்.

ஆப்புக்கு முன்னால்

மேலே சொன்ன 20 டெசிபெல் இங்கே வருகிறது. இன்டர்ஃபேஸின் கெயினைப் பத்து டெசிபெல் தப்பாக வைத்தால், டிரைவ் குமிழில் பாதி வீச்சு போச்சு. "இந்த ஆப்பில் டிரைவ் சுழியத்திலேயே அலறுது" என்ற புகாரில் பெரும்பங்கு இதுதான்.

சரிசெய்யும் முறை: இன்டர்ஃபேஸில் இன்ஸ்ட்ரூமென்ட் பொத்தானைப் போடுங்கள். பிக்கப்புக்கு எதிரே 1 மெகாஓம் அளவு வேண்டும், 10 கிலோஓம் லைன் துளையில் செருகினால் ட்ரெபிள் அங்கேயே செத்துவிடும். கெயினைக் கடைசி வரை குறையுங்கள். கையேட்டில் அந்த நிலைக்கான அதிகபட்ச இன்புட் அளவைப் பாருங்கள். அது 12.5 டிபியு (வோல்டேஜை டெசிபெல்லில் சொல்லும் அலகு) என்றிருந்தால், டிஜிட்டல் முழு அளவு என்பது 4.6 வோல்ட் உச்சம். ஹம்பக்கர் பிக்கப்பில் ஓங்கி அடித்து வரும் 1 வோல்ட், மீட்டரில் முழு அளவுக்கு 13 டெசிபெல் கீழே தெரியும். ஆப், டிஜிட்டல் முழு அளவை 1 வோல்ட் என்று எடுத்துக்கொள்வதாக இருந்தால், பெடலுக்கு முன்னால் இன்புட் ட்ரிம்மில் 13 டெசிபெல் கூட்ட வேண்டும். ஆப் அந்த அளவைச் சொல்லவில்லையென்றால் காதுதான் கதி: டிரைவ் சுழியத்தில், ஒற்றை ஸ்வரத்தை மெல்ல மீட்டினால் சுத்தமாகவும் ஓங்கி அடித்தால் லேசாகக் கரகரத்தும் வரும் இடத்தில் ட்ரிம்மை நிறுத்துங்கள்.

ஹெட்ஃபோன் துளையில் செருகும் மலிவு அடாப்டர் வேண்டவே வேண்டாம். வெளியே போகும் சத்தம் பக்கத்து மைக் கம்பியில் கசிந்து திரும்ப உள்ளே வரும். ஓவர்டிரைவ் அதைப் பெருக்கி, விசில் அடிக்கும்.

ஐஃபோனா, ஆண்ட்ராய்டா

இங்கே கேள்வி தாமதம், அதாவது மீட்டியது காதுக்கு வர ஆகும் நேரம். ஃபோன் ஒரு தடவைக்குச் சேர்த்து வைக்கும் 128 சாம்பிள் பஃபர், 48 கிலோஹெர்ட்ஸில் 2.7 மில்லி விநாடி. உள்ளே ஒன்று, வெளியே ஒன்று என்றால் 5.3, மேலே கன்வெர்ட்டர்களுக்குக் கொஞ்சம். ஆம்பிலிருந்து மூன்றரை மீட்டர் தள்ளி நின்றாலே பத்து மில்லி விநாடி ஆகிவிடுகிறது, அதுவரை கை பொறுக்கும். ஐஃபோனும் யுஎஸ்பி இன்டர்ஃபேஸும் இந்த எல்லையை ஒட்டிச் சமாளிக்கும். கராஜ்பேண்ட் இலவசம், அதிலேயே பெடல்போர்டு உண்டு, தொடங்க அது போதும்.

ஆண்ட்ராய்டில் ஃபோனுக்கு ஃபோன் வேறுபடும். 2017இல் ஆண்ட்ராய்டு 8இல் தாமதத்தைக் குறைக்கும் ஏஆடியோ என்ற ஒலி வழி வந்த பிறகு நிலைமை தேறியது, ஆனாலும் வாங்கும் முன் அளந்து பார்ப்பதே வழி. கூகுளின் ஓபோடெஸ்டர் ஆப்பைப் போட்டு, இன்டர்ஃபேஸின் அவுட்புட்டை ஒரு கேபிளால் அதன் இன்புட்டிலேயே செருகி, ரவுண்டு-ட்ரிப் சோதனையை ஓட்டுங்கள். 20 மில்லி விநாடிக்குள் வந்தால் வாசிக்கலாம். 40 என்றால் பயிற்சிக்குக்கூட எரிச்சல்தான். புளூடூத் ஹெட்ஃபோன் எந்தப் பக்கத்திலும் கிடையாது, நூறு மில்லி விநாடியைச் சாதாரணமாகத் தாண்டும்.

அசல் பெடல் ஏற்கெனவே கையில் இருந்தால் அதை இன்டர்ஃபேஸுக்கு முன்னாலேயே போட்டுவிட்டு, ஆப்பில் ஆம்பையும் கேபினட்டையும் மட்டும் வைத்துக்கொள்ளலாம். பெடல் கட்டத்தின் ஏலியாசிங் ஒழியும், பிராசசர் மிச்சமாகும், பஃபரை 64க்கு இறக்க இடம் கிடைக்கும். கேபினட்டை மட்டும் அணைத்துவிடாதீர்கள். ஓவர்டிரைவை ஸ்பீக்கர் வடிகட்டாமல் நேராக ஹெட்ஃபோனில் கேட்டால் தேனீக் கூட்டம்தான்.

இத்தனையும் சரியாக வைத்தும் சத்தம் குழாய்க்குள்ளிருந்து வருவது போல் வெற்றாக இருந்தால், இன்டர்ஃபேஸில் டைரக்ட் மானிட்டர் (கிட்டாரை ஆப்புக்குப் போகாமல் நேராகக் கேட்கவைக்கும்) பொத்தான் போட்டபடி இருக்கும். நேரடிச் சத்தமும் பத்து மில்லி விநாடி தாமதித்து வரும் ஆப் சத்தமும் கலந்து, 50, 150, 250 ஹெர்ட்ஸ் என்று வரிசையாக ஒன்றையொன்று அடித்துக்கொள்கின்றன. அதை அணைத்த பிறகு ட்ரிம்மையும் டிரைவையும் மறுபடி தொடங்குங்கள், முன்பு வைத்த அளவுகள் அந்தக் கலப்படச் சத்தத்தைக் கேட்டு வைத்தவை.